பத்துக் கிலோ கேட்கிறார்கள், பறிக்கட்டுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தென்காசி பக்கம் மலையடிவார ஊர் எங்களுடையது. மழைக்காலத்தில் எங்கள் அத்தை (மாமியார்) தோட்டத்துப் புற்றுகளில் காளான் பறித்து வருவார், நான் ரோட்டோரம் கூறு கட்டி விற்பேன். ஒரு கூறு 100 ரூபாய். நல்ல நாளில் ஒன்பது மணிக்குள் கூடை காலி. போன வருஷம் அந்தப் பணத்தில்தான் பிள்ளைகளுக்கு நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் வாங்கினேன். இந்தக் குற்றாலம் சீசனுக்கு ஒரு ஓட்டல்காரர் தினமும் பத்துக் கிலோ கேட்கிறார். அத்தைக்கு முட்டிவலி, கண்ணும் மங்கல். யூடியூபில் பார்த்து மற்ற வகைக் காளான்களையும் நானே பறித்துக் கொடுத்தால் என்ன?
– வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: வேண்டாம் சகோதரி. காரணத்தை அப்புறம் பேசலாம், முதலில் அந்த ஓட்டல்காரருக்கு போன் போட்டு, தினம் பத்துக் கிலோ என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, கிடைக்கிற அன்று கிடைப்பதைத் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். புற்றுக் காளான் நம் சௌகரியத்துக்கு முளைப்பதில்லை. கரையான் தன் புற்றுக்குள்ளே பூஞ்சணத் தோட்டம் போட்டு வளர்க்கிறது, மழை இறங்கி மண் குளிர்ந்ததும் அந்தத் தோட்டத்திலிருந்துதான் காளான் மேலே வருகிறது. இன்று ஒரு புற்றில் இரண்டு கூடை வரும், அடுத்த ஒரு வாரத்துக்கு ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட பொருளுக்குத் தினசரி கணக்குப் பேசிவிட்டால், குறைகிற நாளில் கை தானாக வேறு காளானைத் தேடிப் போகும். ஆபத்து தொடங்குவது அங்கேதான். உங்களுக்குப் பேராசை என்று நான் நினைக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே என்ற தவிப்பில்தான் இது நடக்கும்.

உங்கள் அத்தைக்குத் தெரிந்தது ஒன்றோ இரண்டோ வகையாகத்தான் இருக்கும். அதைக் குறைவாக எண்ண வேண்டாம். காளான் பறிப்பவருக்கு ஐம்பது வகை தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஒரே ஒரு வகையைக் குஞ்சு மொட்டிலிருந்து விரிந்து அழுகுகிற வரைக்கும், வெயிலிலும் மழையிலும், பார்த்துப் பார்த்துத் தெரிந்திருந்தால் போதும். அந்தப் பழக்கத்தை வீடியோ தராது. வீடியோவில் காட்டுவது நன்றாக விரிந்த, அழகான ஒன்றைத்தான். உங்கள் தோட்டத்தில் இருப்பதோ மழையில் அடிபட்டு, நத்தை தின்று, மண் ஒட்டிக் கிடக்கும்.

புற்றுக் காளானைப் பறிக்கும்போது அத்தை என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். தண்டை மேலாகக் கிள்ளமாட்டார். அடியில் விரலை விட்டு, மண்ணைத் தளர்த்தி, மெல்ல ஆட்டி இழுப்பார், தண்டு கீழே போகப் போக மெலிந்து வேர் மாதிரி நீண்டுகொண்டே வரும், ஒரு முழம் ஆழம்கூட இருக்கும், பல சமயம் பாதியில் முறிந்தும் போகும். அந்த வால் புற்றுக்குள் இருக்கும் தோட்டம் வரைக்கும் போகிறது. குடையின் நடுவில் ஒரு கூர்மையான குமிழ் இருக்கும், மண்ணைத் துளைத்து வர உதவுவது அதுதான். வாலையும் குமிழையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றைக்கூடக் கூடையில் போடக்கூடாது. தண்டில் வளையம் இருக்கிறதா என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், சில புற்றுக் காளான்களுக்கும் வளையம் உண்டு, விஷக் காளான்கள் பலவற்றுக்கும் உண்டு.

இன்னொன்று, கிள்ளிப் பறித்தால் அடிப்பாகம் மண்ணிலேயே தங்கிவிடும். உயிரை எடுக்கும் அமானிட்டா என்ற விஷக் காளான் வகைகளின் முக்கியமான அடையாளம் அந்த அடியில்தான் இருக்கிறது. தண்டின் அடி வீங்கி, முட்டைத் தோடு உடைந்த மாதிரி ஒரு பை சுற்றியிருக்கும். அடியைப் பார்க்காதவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

நம் ஊர்களில் அடிக்கடி ஏமாற்றுவது வேறொன்று. மழை பெய்த மறுநாள் புல்தரையிலும் மேய்ச்சல் நிலத்திலும் பெரிய வெள்ளைக் குடையாக, மேலே பழுப்புச் செதில்களோடு நிற்கும். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது நானும் என் சித்தி பையனும் அதைத்தான் ஒரு துண்டு நிறையப் பறித்து வந்தோம். அம்மா வேலையிலிருந்து களைத்து வந்தவர், புற்றுக் காளானோடு சேர்த்து வதக்கிவிட்டார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, வீட்டில் ஐந்து பேருக்கும் வாந்தியும் பேதியும். ராத்திரியோடு ராத்திரியாக மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம், எல்லோரும் பிழைத்தோம். மறுநாள் காலையில் பாட்டி, திண்ணையில் மீந்து கிடந்த ஒன்றைத் திருப்பிக் காட்டினார், குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்குமே, அது முந்தின நாள் வெள்ளையாக இருந்தது, இப்போது பாசி படிந்த மாதிரி பச்சையாகியிருந்தது. அந்தப் பச்சை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. இளசாக இருக்கும்போது அந்த நிறம் தெரியாது என்பதுதான் கொடுமை.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக ஒரு காகிதம் எடுத்து, குடையை மட்டும் அறுத்து மடிப்பு கீழே இருக்கும்படி அதன்மேல் வைத்து, கிண்ணத்தால் மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் மடிப்பிலிருந்து உதிர்ந்த வித்துத்தூள் (காளான் விதை மாதிரி விடும் நுண்ணிய தூள்) படிந்திருக்கும். நான் சொன்ன புல்தரைக் காளானுக்குப் பச்சை, அமானிட்டாவுக்கு வெள்ளை, புற்றுக் காளானுக்கு இளஞ்சிவப்பு சாயல். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம், இளஞ்சிவப்பு விழுந்துவிட்டால் நல்ல காளான் என்று அர்த்தமாகாது, அதே நிறத்தில் தூள் விடும் விஷக் காளான்களும் உண்டு. தள்ளிவிடுவதற்கு மட்டும் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள், சேர்த்துக்கொள்வதற்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

பழகியவர்கள்கூட ஏமாறுகிறார்கள். 2022 ஏப்ரலில் அசாமின் மேல் மாவட்டங்களில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள். மழைக்குக் காளான் பறித்துச் சமைப்பது அவர்களுக்குப் புதிதல்ல.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். இந்த சீசனில் அத்தையைப் புற்றுக்கு நடக்க வைக்க வேண்டாம், ஆனால் கூடையை வீட்டுக்குக் கொண்டுவந்து திண்ணையில் சாக்கு விரித்துக் கொட்டி, ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுங்கள். கண் மங்கினாலும் அவர் கைக்குத் தெரியும், தடவியும் முகர்ந்தும் சொல்வார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாலையும் மடிப்பையும் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு பேருமே 'இது அதுதான்' என்றால் மட்டும் விற்பனைக்கு. ஒருவர் தயங்கினாலும் குப்பைக்குழிக்கு. இப்படி இரண்டு மூன்று சீசன் போனால் அந்த அறிவு உங்களுக்கு வந்துவிடும்.

விற்கும்போது வாலோடு முழுசாக விற்றுவிடுங்கள், நறுக்கி பாக்கெட் போட வேண்டாம். வாங்குகிறவர் தானும் பார்த்து வாங்க அது வசதி. பாலித்தீன் பையில் போட்டால் வியர்த்து மத்தியானத்துக்குள் கொழகொழத்துவிடும், ஓலைப்பெட்டியோ தேக்கிலை விரித்த கூடையோ நல்லது. அன்றைக்குப் பறித்தது அன்றைக்கே, அதுவும் காலையிலேயே போய்விட வேண்டும். ரோட்டோரம், குப்பைமேடு, களைக்கொல்லி அடித்த தோட்டம் இங்கெல்லாம் முளைத்ததை, வகை நல்லதாகவே இருந்தாலும், தொட வேண்டாம். மண்ணில் இருக்கும் ஈயம், காட்மியம் போன்றவற்றைக் காளான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

புற்றை மட்டும் தோண்டவே தோண்டாதீர்கள். உள்ளே இருக்கும் தோட்டம் கலைந்தால் அடுத்த வருஷம் அங்கே ஒன்றும் வராது. விரிந்து முற்றியதில் சிலவற்றை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள், பெரும்பாலான வகைகளில் புதிதாகப் புற்றுக் கட்டும் கரையான்கள் அந்த வித்துகளைப் பொறுக்கிக்கொண்டு போய்த்தான் தங்கள் தோட்டத்தைத் தொடங்குகின்றன. அப்புறம், விடியற்காலையில் புற்றுக்குள் கையை விடுமுன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள், உள்ளே பாம்பு இருக்கலாம்.

கேள்வி: மஞ்சள்தூளோ வெள்ளிக்காசோ போட்டு வேகவைத்தால், கறுத்துப்போனால் விஷம், இல்லையென்றால் நல்லது என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். பூச்சி கடித்த காளான் பயமில்லை என்றும் சொல்கிறார்களே?
– வாசகர், தேனி

பதில்: மூன்றுமே தவறு. ஆளைக் கொல்லும் அமானிட்டாவின் விஷம் வெள்ளியையும் கறுக்க வைக்காது, மஞ்சளின் நிறத்தையும் மாற்றாது. எவ்வளவு நேரம் வேகவைத்தாலும், காயவைத்தாலும் அழியாது. நத்தையும் புழுவும் அதைத் தின்றுவிட்டு நன்றாகவே இருக்கும், நம் கல்லீரல்தான் போகும்.

சாப்பிட்டபின் யாருக்காவது முடியாமல் போனால் மோர் கொடுத்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108க்கு அழைத்து, மிச்சமிருக்கும் காளானையோ குழம்பையோ கையோடு கொண்டுபோங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஆறு மணி நேரம் கழித்தோ மறுநாளோ ஆரம்பித்தால் இன்னும் மோசம். அந்த விஷத்தில் நடுவில் ஒருநாள் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும், அதை நம்பி வீட்டுக்கு வந்துவிட்டால் மூன்றாம் நாள் கல்லீரல் செயலிழந்துவிடும். அதனால் நன்றாக இருக்கிறது என்று நோயாளியே சொன்னாலும் டாக்டர் விடும்வரை வரக்கூடாது.

கேள்வி: போனில் படம் எடுத்தால் காளான் பெயர் சொல்லும் ஆப் வைத்திருக்கிறேன். அதை நம்பி விற்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: பெயரைத் தெரிந்துகொள்ளும் ஆர்வத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. அதை நம்பிச் சமைக்கவோ விற்கவோ கூடாது. மண்ணுக்குள் இருக்கும் அடியையும், வாசனையையும், நேற்று வெள்ளையாக இருந்த மடிப்பு இன்று பச்சையானதையும் ஒரு போட்டோ சொல்லாது.

கேள்வி: பக்கத்திலேயே ரிசர்வ் ஃபாரஸ்ட். அங்கே போய்ப் பறித்து விற்றால் சட்டப்படி தப்பா?
– பெயர் வேண்டாம், நீலகிரி

பதில்: காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் எதைப் பறித்தாலும் வழக்கு வரலாம், சரணாலயம் என்றால் இன்னும் கடுமை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டிலேயே வாழும் பழங்குடியினருக்கும், தலைமுறை தலைமுறையாகக் காட்டை நம்பியிருக்கும் மற்றவர்களுக்கும் சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. நீங்கள் அதில் வருவீர்களா என்பதை உங்கள் கிராமசபையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வரவில்லை என்றால் சொந்த நிலம், அல்லது உரிமையாளரிடம் கேட்டுவிட்டு அடுத்தவர் பட்டா நிலம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த உரிமை உள்ள குடும்பங்களுக்கு மழைக்காலத்தில் இது சாப்பாட்டுக்கும் ஆகும், கைச்செலவுக்கும் ஆகும். வெளியிலிருந்து வண்டி போட்டுக்கொண்டு போய் அள்ளி வருவதில் எனக்கு உடன்பாடு இல்லை, சட்டம் இடம் கொடுத்தாலும் அதேதான் சொல்வேன். யானை நடமாடும் பகுதி என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: புற்றுக் காளானை வீட்டிலேயே வளர்க்க முடியாதா? வருஷம் முழுக்க வருமானம் வருமே.
– வாசகி, விருதுநகர்

பதில்: முடியாது. கரையான் இல்லாமல் அது விளைவதில்லை. 'விதை தருகிறோம்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

வருஷம் முழுக்க வருமானம் வேண்டுமென்றால் சிப்பிக் காளானோ பால் காளானோ போடுங்கள். உங்கள் ஊர் வெயிலுக்குப் பால் காளான் நன்றாக வரும், 35 டிகிரி வரை தாங்கும், பறித்தபின் சிப்பியைவிடக் கூடுதல் நாள் கெடாமலும் இருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 என்ற பால் காளான் ரகம் உங்கள் மாவட்டத்து அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் உருவானதுதான். ஆனால் வித்து (வளர்ப்புக்கென்று பாக்கெட்டில் விற்கும் காளான் விதை) பரவியபின் மேலே மண் போட வேண்டும், அதில் கை பழக நாளாகும். அதனால் முதலில் சிப்பியில் ஆரம்பியுங்கள். வைக்கோலைச் சின்னதாக வெட்டி நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, நிழலில் உலர்த்துங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டு விழக்கூடாது, அதுதான் பதம். ஈரம் கூடினால் பச்சைப் பூசணம் பிடித்துப் பை முழுக்க வீணாகும். பையில் வைக்கோலும் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு, துளையிட்டுக் கட்டித் தொங்கவிட்டால் 15, 20 நாளில் உள்ளே வெள்ளையாகப் பரவிவிடும். அதன்பின் மொட்டு வரும். ஒரு பையிலிருந்து மூன்று முறை பறிக்கலாம்.

சிப்பிக் குடிலுக்குள் போகும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், அதன் வித்துத்தூள் நாளடைவில் இருமலும் இளைப்பும் தரும். பத்துப் பைக்கு மேல் முதல் தடவை வேண்டாம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையங்களிலும் காளான் வளர்ப்புப் பயிற்சி கொடுக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வித்து வாங்குங்கள், பழைய வித்தாகத் தலையில் கட்டிவிடாதபடி பாக்கெட்டில் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.