யன்னலைத் திறப்பதா, மூடுவதா?

வெள்ளவத்தையில், காலி வீதிப் பக்கமாக 4ஆம் மாடியில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 7 வயது, தொய்வு இருக்கிறது. காற்றை அளக்கும் கருவி ஒன்று வாங்கினோம். இரவில் யன்னலை மூடி ஏசி போட்டால் காபனீரொட்சைட்டு 1,800க்குப் போகிறது, திறந்தால் பிஎம் 2.5 ஏறுகிறது. எதைப் பார்ப்பது?"

தொய்வு உள்ள பிள்ளைக்கு முதலில் பிஎம் 2.5. நுரையீரலின் அடிவரை போகிற நுண்தூசி அது, இழுப்பைக் கிளப்பிவிடக்கூடியது. 24 மணி நேரச் சராசரி கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குள் இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. காபனீரொட்சைட்டு 1,800 (காற்றின் பத்து லட்சம் பங்கில் 1,800 பங்கு) நஞ்சு இல்லை, நீங்கள் விட்ட மூச்சு வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே நிற்கிறது என்று அர்த்தம். சுவரில் பூட்டும் சாதாரண ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே குளிராக்கித் திருப்பி விடும், அதனால்தான் ஒருவருக்குத் தடிமன் வந்தால் அந்த அறையில் எல்லோருக்கும் லேசாகத் தொற்றுகிறது.

சரி, யன்னலை எப்போது திறப்பது? வீதியில் நெரிசல் இருக்கும் நேரங்களில் வேண்டாம். படுக்கப் போகுமுன் கால் மணி நேரம் நன்றாகத் திறந்துவிட்டு மூடுங்கள், இரவில் அறைக்கதவைக் கொஞ்சம் நீக்கி வையுங்கள், எண் எவ்வளவு இறங்குகிறது என்று அடுத்த நாளே தெரியும். மே முதல் செப்டம்பர் வரை கடற்காற்று அடிப்பதால், நெரிசல் நேரம் தவிர மற்ற நேரங்களில் தாராளமாகத் திறக்கலாம். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை காற்று இந்தியப் பக்கமிருந்து தூசியையும் கொண்டுவரும், அந்த மாதங்களில் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்புக் கருவி உதவும். ஆனால் அது தூசியை மட்டும்தான் பிடிக்கும், காபனீரொட்சைட்டைக் குறைக்காது.

இதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்கிறேன்: நுளம்புத்திரி கொளுத்துகிறீர்களா? 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு திரி எரிந்து முடிய வந்த நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுகளில் வருவதற்குச் சமமாக இருந்தது. திரி கொளுத்தியதும், சாம்பிராணி போட்டதும், குசினியில் செத்தல் மிளகாய் தாளித்ததும் கருவி எங்கே போய் நிற்கிறது என்று ஒரு கிழமைக்கு நேரத்தோடு எழுதி வையுங்கள், அடுத்த முறை டொக்டரிடம் அதைக் காட்டலாம். வெளியிலிருந்து வருவதாக நாம் நினைக்கிற தூசியில் பாதி வீட்டுக்குள்ளேயே பிறந்ததாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. திரியை இன்றைக்கே நிறுத்துங்கள். கட்டிலுக்கு நெட், யன்னலுக்கும் வலை; டெங்கு நுளம்பு பகலில் கடிப்பதால் கட்டில் நெட் மட்டும் காணாது.

கருவியை மகன் தலைவைக்கும் உயரத்தில், ஏசிக் காற்று நேராகப் படாத இடத்தில் வையுங்கள். ஈரப்பதன் கூடிய நாட்களில் மலிவான கருவிகள் தூசியைக் கூட்டிக் காட்டும். அப்புறம், அவ்வப்போது பல்கனியில் 20 நிமிடம் வைத்துப் பாருங்கள், காபனீரொட்சைட்டு 420, 450 அளவுக்கு இறங்கவேண்டும். இறங்காவிட்டால் கருவியைத் திரும்ப அளவு திருத்தும் வரைக்கும் அந்த 1,800ஐ நம்பவேண்டாம்.