முதலில் நிழல், அப்புறம் கோபுரம்

வாசகர் கேள்வி – பதில்

கட்டட மேற்பார்வையாளராக நான் அதிகம் வேலை பார்த்தது காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில்தான். அதனால் புதுக் கோவில் கட்டும் கத்தோலிக்கப் பங்குகளிலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் பங்குக் கோவில் பழைய ஓட்டுக் கட்டடம். ஞாயிறு பூசைக்கு முந்நூறு பேர் வருகிறார்கள், பாதிப் பேர் வெளியே நிற்கிறார்கள். திருவிழாவுக்கு இரண்டாயிரம் பேர் கூடுவார்கள். புதுக் கோவில் கட்ட ஆயர் அனுமதி தந்துவிட்டார். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகள் நூறடிக் கோபுரம் வேண்டும் என்கிறார்கள். கையில் இருப்பது மதிப்பீட்டில் பாதிப் பணம்தான். எதிலிருந்து தொடங்குவது?
– பங்குப்பேரவை உறுப்பினர், தேவகோட்டை அருகே

ஐயா, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கோவிலைக் கட்டுங்கள், திருவிழாக் கூட்டத்துக்குத் தாழ்வாரத்தைக் கட்டுங்கள். இரண்டாயிரம் பேருக்கு மண்டபம் எழுப்பினால், வருடத்தில் இரண்டு நாள் நிறைந்து மற்ற நாளெல்லாம் வெறிச்சென்று கிடக்கும். மின்விசிறிக்கும் வெள்ளையடிக்கும் ஆகிற செலவு மட்டும் வருடம் முழுவதும் ஓடும். தரையில் உட்காருகிற ஒருவருக்கு 6 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் முந்நூறு பேருக்கு 1,800 சதுர அடி. பீடப்பகுதி, நடைபாதை, சக்ரீஸ்து (சாமியார் பூசை உடை மாற்றும் அறை), கொஞ்சம் கூடுதல் இடம் எல்லாம் சேர்த்தாலும் 3,000 சதுர அடிக்குள் முடிக்கலாம்.

கோவிலின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் அப்படித்தான் நிற்கின்றன. நீளச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்தால் காலை, மாலை வெயில் நேராக உள்ளே இறங்காது. இரண்டு பக்கமும் எட்டடி அகலத்தில் தாழ்வாரம் இறக்குங்கள். சித்திரை வெயிலில் கைப்பிள்ளையோடு நிற்கிற தாய்க்கு அந்த எட்டடி நிழலைவிடப் பெரிய உபகாரம் எந்தக் கோபுரமும் செய்யாது. சுவருக்கு மேலே, கூரையை ஒட்டி, சூடான காற்று வெளியேற வாய் வையுங்கள். தட்டைக் கான்கிரீட் கூரையும் வழுவழுப்பான சுவரும் சேர்ந்தால் சாமியாரின் பிரசங்கம் எதிரொலித்துக் குழம்பிப் போகும். இதை வரைபடம் போடும்போதே பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள். கட்டி முடித்தபின் ஒலிபெருக்கி வாங்கி இதைச் சரிசெய்ய முடியாது.

கோபுரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் ஆசையில் தவறும் இல்லை. ஆனால் அதைக் கோவில் சுவரோடு ஒட்டாமல், தனி அஸ்திவாரத்தில் தனி மணிக்கூண்டாகக் கட்டுங்கள். எடை அதிகமான கோபுரம் ஓரளவு இறங்கும், மண்டபம் வேறு அளவில் இறங்கும். இரண்டும் ஒட்டிக் கிடந்தால் சேருகிற இடத்தில் விரிசல் வரும். தனியாக வைத்தால் பணம் சேரும்போது கட்டிக்கொள்ளலாம், பூசையும் நிற்காது. கோபுரம் வரும் இடத்திலும் மண் பரிசோதனை இப்போதே செய்துவிடுங்கள்.

இடைக்காட்டூர் திரு இருதயக் கோவிலுக்கு ஒருமுறை பங்குப்பேரவையினர் எல்லோரும் போய் வாருங்கள். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறது. பிரான்ஸிலிருந்து வந்த பெர்டினாண்டு செல் அடிகளார் ரைம்ஸ் பேராலயத்தை மனதில் வைத்து 1894-இல் கட்டி முடித்தது. விதவிதமான அச்சுகளில் வார்த்துச் சுட்ட செங்கற்களைப் பார்த்துக்கொண்டே சுற்றி வரலாம். அங்கே மனதைப் பிடிப்பது உயரம் அல்ல, ஒவ்வொரு கல்லிலும் தெரிகிற கைவேலை.

ஆயர் அனுமதி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், திருச்சபைச் சட்டம் எழுத்துமூல ஒப்புதலையே கேட்கிறது. வழிபாட்டுத் தலம் என்பதால் மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் வேண்டும். அது கைக்கு வராமல் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வேண்டாம்.

கேள்வி: கோவில் தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடலாமா? வழுக்கும், நிறம் போய்விடும் என்கிறார்கள்.
– வாசகி, பள்ளத்தூர்

தாராளமாகப் போடலாம் அம்மா. தரையில் உட்கார்ந்து பூசை காணும் சனங்களுக்கு இதைவிடக் குளுமையான தரை எனக்குத் தெரியாது.

ஆத்தங்குடிக்கு நேரில் போய்ப் பட்டறையில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடித் துண்டு ஒன்றை எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பார்கள். அதன்மேல் சதுரச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவில் தகடு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆக்சைடு கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் அந்தந்தக் கட்டத்தில் ஊற்றித் தகட்டை மெல்ல எடுக்கும்போது, ஒரு நிறம் இன்னொன்றில் கலக்காமல் அப்படியே நிற்கும். அதற்கு மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவை வைத்து அழுத்திச் சமப்படுத்துவார்கள். சூளை கிடையாது. பிறகு காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போட்டு எடுத்தால், கண்ணாடி தானாகக் கழன்று வரும். அந்தப் பளபளப்பு கண்ணாடியின் முகத்திலிருந்து வந்தது, பாலிஷ் அல்ல.

கைவேலை என்பதால் உடனே கிடைக்காது. அர்ச்சிப்பு (கோவில் திறப்பு) நாளைக் குறித்துவிட்டு ஆர்டர் கொடுக்காதீர்கள், கூரை போடும்போதே கொடுத்துவிடுங்கள். மொத்தத்தையும் ஒரே பட்டறையில் வாங்குங்கள், இல்லாவிட்டால் சிவப்பு இரண்டு விதமாக இருக்கும். நூறு கல் கூடுதலாக வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், பின்னாளில் ஒன்றிரண்டு உடையத்தான் செய்யும். பதிக்கும் கொத்தனார் இந்தக் கல்லில் பழகியவராக இருக்கட்டும். கறை எடுக்கிறேன் என்று ஆசிட் ஊற்ற விடாதீர்கள், நிறம் போவதற்கு அதுதான் காரணம். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும், நடக்க நடக்க மெருகு கூடும். வாசற்படியிலும் மழைச்சாரல் படும் தாழ்வாரத்திலும் மட்டும் சொரசொரப்பான கருங்கல் பலகை போடுங்கள். பெஞ்சுக் கால்களுக்கு ரப்பர் குமிழ் மாட்டிவிடுங்கள்.

கேள்வி: பழைய கோவிலை இடிக்கும்போது தேக்குக் கதவுகளையும் தூண்களையும் விற்றுக் கட்டட நிதியில் சேர்க்கலாம் என்கிறார்கள். சரியா?
– வாசகர், காரைக்குடி

வேண்டாம் ஐயா, இதில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எத்தனை வீட்டு நிலைகள் சாய்ந்து நிற்கின்றன என்று உங்களுக்கே தெரியும். விற்ற காசு இரண்டு மாதக் கூலிக்குக்கூட வராமல் போகலாம். அதே கதவைப் புதுக் கோவிலின் தலைவாசலில் மாட்டினால், உங்கள் அப்பத்தா கல்யாணத்துக்கு நுழைந்த வாசல் வழியாகவே உங்கள் பேத்தியும் நுழைவாள். தூண்களைத் தாழ்வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, படம் எடுத்து, கரையான் ஏறாத மேடையில் அடுக்குங்கள்.

இடிப்பதற்கு முன் இன்னொன்றையும் யோசியுங்கள். சுவர் உறுதியாக இருந்தால் பழைய கட்டடத்தையே வாரநாள் பூசைக்கும் ஆராதனைக்கும் வைத்துக்கொள்ள முடியாதா? கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, இப்படிப் பூசிய சுவர் இன்று யார் கேட்டாலும் எளிதில் கிடைக்காது. அதன்மேல் சிமெண்டோ பிளாஸ்டிக் பெயிண்டோ அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பெயர்ந்து விழும். சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும்.

கேள்வி: ஊரில் உள்ள இந்து, முஸ்லிம் சகோதரர்களும் மணலும் பணமும் தர முன்வருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், திருப்பத்தூர்

சந்தோஷமாக வாங்குங்கள். உங்கள் ஊரில்தான் 1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். சருகணி தேவாலயத்துக்கு மானியம் கொடுத்து ஆதரித்தவர்கள் அவர்கள். நம் சீமைக்கு இது புதிதில்லை. யார் எவ்வளவு கொடுத்தாலும் ரசீது போட்டு, கணக்கை மாதாமாதம் கோவில் வாசலில் ஒட்டுங்கள்.

கேள்வி: வேலை நடக்கும்போது பங்கு மக்கள் என்ன செய்ய முடியும்?
– அன்பியப் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழு) பொறுப்பாளர், புதுவயல்

கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுங்கள். ஒப்பந்தக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஆள் இல்லாத நாளில் முதலில் விடுபடுவது இந்த வேலைதான். நம் வெயிலுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயவே கூடாது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம், தூணுக்குச் சாக்குச் சுற்றி நனைக்க வேண்டும். அன்பியத்துக்கு ஒரு நாள் என்று முறை போட்டுக்கொள்ளுங்கள், காலையிலும் மாலையிலும், வெயில் கடுமையாக இருந்தால் மதியமும்.