பதில்: 'எஸ்த்ரேச்சோ', 'எஸ்த்ரிக்தோ' இரண்டுக்கும் ஒரே வேரா?

இந்த இரண்டு ஸ்பானியச் சொற்களுக்கும் அகராதி ஒரே வேரைக் காட்டுகிறதே, தவறா என்று கேட்டிருந்தீர்கள். அகராதியில் தவறு இல்லைங்க. 'எஸ்த்ரேச்சோ' (குறுகலான), 'எஸ்த்ரிக்தோ' (கறாரான) இரண்டுக்குமே மூலம் லத்தீன் 'ஸ்த்ரிக்துஸ்' தான். இறுக்கிக் கட்டியது என்று பொருள். வந்த வழிதான் வேறு.

முதல் சொல் பேச்சு வழக்கில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கித் தேய்ந்தது. அந்தத் தேய்மானத்தில் லத்தீன் 'க்த்' ஸ்பானிய மொழியில் 'ச்ச்' ஆகிவிடும். எட்டைக் குறிக்கும் 'ஒக்தோ' இன்று 'ஓச்சோ'. இரவு 'நோச்சே', பால் 'லேச்சே' எல்லாம் இதே கதைதான். குறுகிய 'இ' கூட 'எ' ஆகியிருக்கிறது, பாருங்கள். ஜிப்ரால்டர் நீரிணைக்கும் 'எஸ்த்ரேச்சோ' என்றுதான் பெயர்.

இரண்டாவதைப் படித்தவர்கள் பிற்பாடு லத்தீன் எழுத்திலிருந்து நேராக எடுத்துக்கொண்டார்கள். அதனால் 'க்த்' அப்படியே நிற்கிறது. நம் இலக்கணத்தின் தற்பவம் (திரிந்து வந்த வடசொல்), தற்சமம் (திரியாமல் வந்த வடசொல்) மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடன் வாங்கியதிலும் முன்னால் ஒரு 'எ' ஒட்டிக்கொண்டதைக் கவனித்தீர்களா? 'ஸ்த்' என்று சொல்லைத் தொடங்க ஸ்பானிய நாக்கு ஒப்பாது, எவ்வளவு படித்த நாக்கானாலும் சரி!

இதே போல 'தெரேச்சோ' (நேரான), 'திரெக்தோ' (நேரடியான) ஜோடியும் உண்டு, மூலம் 'திரெக்துஸ்'.

அப்புறம், 'ச்ச்' கண்ட இடமெல்லாம் 'க்த்' தேடாதீர்கள். 'மூச்சோ' (நிறைய) வந்தது 'முல்தும்' என்பதிலிருந்து. அங்கே திரிந்தது 'ல்த்'.