என்ஜின் ஓடுது, ஆர்க் வரலை: வெல்டிங் ஜெனரேட்டரில் என்ன கோளாறு?

சில மாதம் சும்மா நின்ற மெஷின், என்ஜின் நன்றாக ஓடியும் பொறியே வரவில்லை என்கிறீர்கள். கவரைக் கழற்றும் முன், அதிலிருக்கும் பிளக் பாயிண்டில் ஒரு டெஸ்ட் லேம்ப் போடுங்கள். பல்பு எரிந்தால் கோளாறு பெரும்பாலும் வெளியேதான்: எர்த் கிளாம்ப் பெயிண்டின் மேலோ துருவின் மேலோ கடித்திருக்கும், அல்லது கேபிள் முனையிலுள்ள லக் தளர்ந்திருக்கும். கரண்ட் கட்டுப்பாடு மெஷினிலா ரிமோட்டிலா என்று மாற்றும் ரிமோட் சுவிட்சையும் பாருங்கள். அது தவறான பக்கம் இருப்பது தெரியாமல் நானே அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

பல்பும் எரியவில்லையா? எக்ஸைட்டேஷன், அதாவது மின்சாரம் உண்டாகத் தேவையான காந்தப்புலத்தை ஊட்டும் கரண்ட், போயிருக்கலாம். என்ஜினை நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு கார்பன் பிரஷைப் பாருங்கள். ஹோல்டரில் சிக்காமல், ஸ்பிரிங் அழுத்தத்தில் வழுக்கி இறங்க வேண்டும். பிரஷ் உரசும் சுழல் வளையமான ஸ்லிப் ரிங் கறுத்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். எமரித்தாள் கூடாது, அதன் தூள் மின்சாரத்தைக் கடத்தும். இதற்கும் அசையவில்லை என்றால் ரோட்டரில் (சுழலும் பகுதியில்) தங்கியிருக்க வேண்டிய மிச்ச காந்தம் போயிருக்கும். பேட்டரியால் அந்தக் காந்தத்தை உசுப்புவதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

சோதனைக்குக்கூட ஷெட்டுக்குள் ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கதவு திறந்திருந்தாலும் ஆளைச் சாய்த்துவிடும்.