வாலிபால் ஸ்மாஷ் அடிக்கும்போது தோள் வலிக்கிறது, தோள்பட்டை எலும்பும் பின்னால் துருத்துகிறது. என்ன செய்ய வேண்டும்?

கேட்டவருக்கு வயது 21. கல்லூரி அணியில் வலக்கை அட்டாக்கர். சில மாதங்களாக ஸ்மாஷ், சர்வீஸ் இரண்டிலும் தோளின் முன்பக்கம் வலி. நண்பர் பின்னாலிருந்து எடுத்த வீடியோவில் வலது தோள்பட்டை எலும்பு மட்டும் துருத்திக்கொண்டு வருகிறது. ஜிம்மில் தோளுக்கு எடை கூட்டிப் பார்த்தும் குறையவில்லை. எலும்பு இடம் மாறிவிட்டதா, ஆபரேஷன் வேண்டுமா என்று கேட்கிறார்.

நான் பிசியோதெரபிஸ்ட். வாலிபால், பேட்மின்டன், வேகப்பந்து என்று கையைத் தலைக்கு மேலே வீசி விளையாடுபவர்களின் தோள்தான் என் வேலையில் பெரும்பகுதி. நேரில் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எலும்பு எங்கும் போய்விடவில்லை, ஆபரேஷன் பேச்சுக்கும் இப்போது அவசியமில்லை.

அந்தத் துருத்தலைப் பார்த்து முதலில் பயப்படாதீர்கள். இந்த வகை விளையாட்டுக்காரர்களில் 61 சதவீதம் பேருக்குத் தோள்பட்டை எலும்பின் அசைவில் ஏதோ ஒரு பிசகு இருக்கிறது என்று 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். மற்ற விளையாட்டுக்காரர்களில் அது 33 சதவீதம். அதில் நிறையப் பேர் வலி தெரியாமல் ஆடிக்கொண்டிருப்பவர்கள். அதற்காகக் கண்டுகொள்ளாமலும் விடக் கூடாது. வலியில்லாத வீரர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2018இல் வந்தது. பிசகு இருப்பவர்களுக்குப் பிற்பாடு தோள்வலி வரும் வாய்ப்பு 43 சதவீதம் கூடுதல் என்றது. உங்களுக்கு வலி வந்தேவிட்டது, அதனால் பார்த்தாக வேண்டும்.

தோள்பட்டை எலும்பு உடம்போடு எலும்பாகச் சேர்வது காறை எலும்பின் நுனியில் இருக்கும் சின்ன மூட்டில் மட்டும்தான். மற்றபடி விலாக்கூட்டின் மேலே தசைகளின் பிடியில் நிற்கிறது. 17 தசைகள் அதில் வந்து சேர்கின்றன. கையைப் பக்கவாட்டிலிருந்து தலைக்கு மேலே முழுதாகத் தூக்கினால் 180 டிகிரி. அதில் ஏறக்குறைய 120 டிகிரி தோள் மூட்டில் நடக்கிறது, மீதி 60 டிகிரி தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைக்கிறது. 1944இல் இன்மனும் அவருடைய சகாக்களும் சொன்ன கணக்கு இது, இன்றும் தோராயமாகச் சரிதான். கை மேலே போகப் போக எலும்பின் கீழ்முனை வெளிப்பக்கம் நகர வேண்டும், மேல்பக்கம் பின்னால் சாய வேண்டும், உள்விளிம்பு விலாவை விட்டு எழாமல் இருக்க வேண்டும். இதெல்லாம் ஒழுங்காக நடந்தால் தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைநாண்கள் மேலே இருக்கும் எலும்பு விளிம்பில் உரசாமல் ஓட இடம் கிடைக்கும். ஏணியின் உச்சியில் நிற்பவர் எவ்வளவு பலசாலியானாலும், கீழே பிடித்திருப்பவர் கை தளர்ந்தால் மேலே வேலை நடக்காது. ஸ்மாஷ் அடிக்கும் தோளுக்குக் கீழே பிடித்திருப்பது இந்த எலும்புதான்.

அதைப் பிடித்துச் சுழற்றுவதில் இரண்டு தசைகள் முக்கியம். ஒன்று செரட்டஸ் ஆன்டீரியர். விலாக்களின் பக்கவாட்டில் தொடங்கி, தோள்பட்டை எலும்புக்கு அடியில் புகுந்து, அதன் உள்விளிம்பில் போய்ச் சேர்கிறது. எலும்பை விலாவோடு அழுத்திப் பிடிப்பதும் முன்னால் சுழற்றுவதும் இதன் வேலை. இன்னொன்று கழுத்திலிருந்து நடுமுதுகுவரை விரியும் ட்ரபீசியஸ் தசையின் கீழ்ப்பகுதி, முதுகெலும்பிலிருந்து சாய்வாக மேலேறி எலும்பைக் கீழ்நோக்கிப் பிடிக்கும். இவை இரண்டும் சோர்ந்தாலோ தாமதமாக வேலைக்கு வந்தாலோ, கழுத்தோரம் இருக்கும் மேல் ட்ரபீசியஸ் முந்திக்கொள்ளும். கை தூக்கும்போது தோளே காதை நோக்கி ஏறும். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் ஆன் கூல்ஸ் குழு 2003இல் தோள்வலி உள்ள வீரர்களிடம் இதைத்தான் அளந்து காட்டியது. கை திடீரென்று விழும்போது அவர்களுடைய ட்ரபீசியஸின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் வலியில்லாதவர்களைவிடத் தாமதமாக இயங்கின.

இப்போது உங்கள் ஜிம் விஷயம். தோளுக்கு என்று பெரும்பாலான பையன்கள் செய்வது பெஞ்ச் பிரஸ், ஷோல்டர் பிரஸ், ஷ்ரக். ஷ்ரக் ஏற்கெனவே முந்திக்கொண்டிருக்கும் மேல் ட்ரபீசியஸுக்கே தீனி போடுகிறது. மார்பை மட்டும் வளர்த்தால் பெக்டோராலிஸ் மைனர் என்ற சின்னத் தசை இறுகி, தோள்பட்டை எலும்பை முன்பக்கமாகக் கவிழ்த்து இழுக்கும். வலி உள்ள தோளுக்கு இந்த மூன்றையும் இப்போதைக்கு நிறுத்தச் சொல்வேன்.

சரி, வலிக்கும் எலும்பசைவுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் செய்வது இது. சட்டையைக் கழற்றச் சொல்லி, இரண்டு கையிலும் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கொடுத்து, பின்னால் நின்று பார்ப்பேன். முன்பக்கமாக ஐந்து தடவை, பக்கவாட்டில் ஐந்து தடவை, நிதானமாகத் தூக்கி இறக்க வேண்டும். தூக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இறக்கும்போதுதான் பிடிபடும்: கை தோள் உயரத்துக்கு வந்ததும் எலும்பின் உள்விளிம்பு சட்டென்று எழுந்து, தோலுக்கு அடியில் ஒரு கோடாகத் தெரிந்து, கை இன்னும் கீழே போனதும் மறையும். நான்காவது, ஐந்தாவது தடவையில் இன்னும் பெரிதாகத் தெரியும். அடுத்து என் உள்ளங்கையை எலும்பின் கீழ்முனையில் வைத்து, கை உயரும்போது நானே அதை வெளிப்பக்கமாகவும் மேலாகவும் தள்ளிக்கொடுப்பேன். "இப்ப வலிக்கலயே" என்று அவர் திரும்பிப் பார்த்தால், அந்த வலியில் எலும்பசைவுக்குப் பங்கு உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். தள்ளியும் வலி அப்படியே இருந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேடுவேன். வெறும் கண்ணால் பார்த்து முடிவு கட்டுவதைவிட இந்தச் சோதனையை நான் அதிகம் நம்புகிறேன். வலி உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று சொல்லாமல் பார்க்க வைத்தால், இரண்டு கூட்டத்திலும் பிசகு ஏறத்தாழ ஒரே அளவில்தான் தெரிகிறது என்று 2017இல் ஓர் ஆய்வே வந்திருக்கிறது.

பயிற்சிக்கு வருவோம். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை மடக்கி விலாவோடு வைத்து, இடையில் மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, முன்கையை மேல்நோக்கித் திருப்புங்கள். குப்புறப் படுத்து, கட்டைவிரல் மேலே பார்க்க, கையைப் பக்கவாட்டில் தூக்குங்கள். குப்புறப் படுத்தபடியே, தொங்கும் கையை இடுப்புவரை பின்னால் கொண்டுபோங்கள். மேல் ட்ரபீசியஸை அதிகம் கூப்பிடாமல் நடுப்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் வேலை வாங்கும் பயிற்சிகள் இவை என்று அதே கெண்ட் குழு 2007இல் தேர்ந்தெடுத்துச் சொன்னது. செரட்டஸுக்கு நான் அதிகம் கொடுப்பது சுவரில் செய்யும் புஷ்-அப். முழங்கை நீண்ட பிறகும் சுவரை இன்னும் கொஞ்சம் தள்ளி, மேல்முதுகு பின்னால் போகும்வரை நிற்க வேண்டும். அந்தக் கடைசித் தள்ளலில்தான் செரட்டஸ் நன்றாக வேலை செய்கிறது. சுவரில் வலியில்லாமல் வந்தால் மேசை, அப்புறம் தரை. எடை கொஞ்சமாக வையுங்கள், இறக்குவதை மெதுவாகச் செய்யுங்கள். மார்புத் தசைக்குக் கதவு நிலையில் கையை ஊன்றி நீட்டல், தோளின் பின்பக்கத்துக்குக் கையை மார்புக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்தல். ஒழுங்காகச் செய்தால் 6 முதல் 12 வாரத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். துருத்தல் முழுதாக மறையாமலும் போகலாம். வலி போய், வீச்சு திரும்பினால் நான் அதைத் துரத்த மாட்டேன்.

காலையும் இடுப்பையும் விட்டுவிடாதீர்கள். டென்னிஸ் சர்வீஸில் பாதி விசை கால்களிலிருந்தும் உடம்பிலிருந்தும் வருவதாக அமெரிக்க விளையாட்டு மருத்துவர் பென் கிப்ளர் கணக்கிட்டார். ஸ்மாஷிலும் குதித்து உடம்பைத் திருப்பும் வேகம் குறைந்தால் மிச்சத்தைத் தோள் தனியாகச் சுமக்கும். அதனால் சில வாரம் கழித்து, இடது காலை முன்னால் வைத்து வலக்கையால் ரப்பர் பேண்டை இழுப்பது மாதிரி, காலும் கையும் சேர்ந்து செய்யும் பயிற்சிக்கு மாறுங்கள்.

சோர்வு விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. வலியே இல்லாத 78 நீச்சல் வீரர்களை ஒரே பயிற்சியின்போது இடையிடையே பரிசோதித்த ஆய்வு 2011இல் வந்தது. முதல் கால்பங்கு முடிந்தபோது 37 சதவீதம் பேரிடம் பிசகு தெரிந்தது. பயிற்சி முடிவதற்குள் அது 82 சதவீதமாகிவிட்டது. எனவே வீடியோ எடுப்பதானால் பயிற்சிக்கு முன்பும் எடுங்கள், முடிந்த உடனேயும் எடுங்கள். முன்பு நன்றாக இருந்து பின்பு துருத்தினால், தசையின் தாக்குப்பிடிக்கும் திறன்தான் போதவில்லை. கோச்சிடம் பேசி ஒரு நாளில் அடிக்கும் பந்துகளைக் குறைத்து, வாரா வாரம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அணியில் மற்றவர்களும் இதைச் செய்தால் நல்லது. நார்வேயில் 660 ஹேண்ட்பால் வீரர்களை வைத்துச் செய்த சோதனையில், வார்ம்-அப்போடு சேர்த்த தோள் பயிற்சியால் தோள் தொந்தரவு 28 சதவீதம் குறைந்தது.

ஒரு நிலைமையில் மட்டும் இந்தப் பயிற்சிகளில் நாளைக் கடத்தாதீர்கள். சுவரை இரண்டு கையாலும் தள்ளும்போது எலும்பின் உள்விளிம்பு முழுதுமே பெரிதாக எழுந்து, கையை மேலே தூக்கவே முடியாமல் போனால், செரட்டஸுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அதேபோல் தோள்பட்டை எலும்பின் நடுமுகட்டுக்குக் கீழே இடப்பக்கம் இல்லாத ஒரு குழி வலப்பக்கம் விழுந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். வாலிபால் அட்டாக்கர்களுக்கு அந்த இடத்தில் நரம்பு நசுங்கி, கையை வெளிப்பக்கம் திருப்பும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் தசை மெலிவது அடிக்கடி நடப்பதுதான், பல சமயம் வலிகூட இருக்காது. இந்த இரண்டில் எது இருந்தாலும், கை மரத்துப்போனாலும், அடிபட்ட பிறகு தோள் நழுவுவது போலிருந்தாலும், எலும்பு மருத்துவரைப் பார்த்து நரம்புக்கான சோதனையும் எம்ஆர்ஐயும் தேவையா என்று கேளுங்கள். அதுவரை ஸ்மாஷ் அடிப்பதை நிறுத்தி வையுங்கள்.