வயிற்றின் மேல் பேப்பர் கப்பல்

அன்புள்ள ஐயா,

நான் நடுநிலைப்பள்ளி ஆசிரியை. தினமும் காலை பிரேயர் முடிந்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பத்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்கிறேன். இரண்டாவது நிமிடமே ஒருவரையொருவர் கிள்ள ஆரம்பித்துவிடுகிறார்கள். வீட்டில், பத்தாவது படிக்கும் என் மகன் "போர் அடிக்குதும்மா" என்று எழுந்து போய்விடுகிறான். இந்த வயதுக்கு இதெல்லாம் சரிப்படாதா?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

சரிப்படும். ஆனால் பத்து நிமிடம் ரொம்ப அதிகம். இரண்டு நிமிடத்தில் ஆரம்பியுங்கள். கண்ணை மூடியே ஆகவேண்டும் என்றும் சொல்லாதீர்கள். வீட்டில் அடி, சண்டை என்று பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்குக் கண்ணை மூடினால் அதுதான் முன்னால் வந்து நிற்கும். அந்தப் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும்.

எங்கள் மொட்டைமாடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் மல்லாந்து படுக்கவைத்து, ஆளுக்கொரு பேப்பர் கப்பலை வயிற்றின் மேல் வைத்தேன். கப்பல் ஏறுவதையும் இறங்குவதையும் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். அப்புறம் மூக்கு. ஒரு சிறுமி திடீரென்று, "மாமா, எனக்கு வலது பக்கம் மட்டும்தான் காத்து வருது!" என்றாள். அவள் சொன்னது சரிதான். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு துளையில்தான் காற்று அதிகம் ஓடும். சில மணி நேரத்தில் பக்கம் மாறும். அதை அவளே கண்டுபிடித்தாள். மூச்சை இழு, அடக்கு, எண்ணு என்று நான் சொல்லியிருந்தால் அது அவள் கண்ணில் பட்டிருக்காது. விபாசனா தியான மையங்களில் எட்டு வயதிலிருந்து பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் ஆனாபானவும் இதுதான்: இயல்பாக வந்துபோகும் மூச்சை மாற்றாமல் கவனிப்பது.

உங்கள் மகனை வற்புறுத்தாதீர்கள். பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. வகுப்பில் பாடமாக நடத்திய மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்தக் கணத்தைக் கவனிக்கும் பயிற்சி, வழக்கமான பாடங்களைவிடக் கூடுதலாக எதுவும் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்யவே இல்லை. எனக்கு அது வருத்தம்தான், ஆச்சரியமில்லை. பிள்ளை கேட்காமல் கொடுத்தது பிள்ளையிடம் தங்காது.

புத்தரின் மகன் ராகுலனை நினைத்துக்கொள்கிறேன். ஏழு வயது மகனுக்குப் புத்தர் மூச்சைச் சொல்லித்தரவில்லை. பாத்திரத்தில் மிஞ்சிய கொஞ்சம் தண்ணீரைக் காட்டிப் பொய்யைப் பற்றிப் பேசினார். மூச்சு வந்தது பதினெட்டு வயதில் என்கின்றன பழைய உரைகள். அப்போதும் மூச்சுக்கு முன்பே சொன்னது, நிலத்தைப் போல இரு என்று. நல்லதைப் போட்டாலும் அசுத்தத்தைப் போட்டாலும் நிலம் முகம் சுளிப்பதில்லை. மூச்சு அதற்கு அப்புறம்தான். மகன் ஆயிற்றே என்று அவர் அவசரப்படவில்லை.

நீங்கள் தினமும் அதே நேரத்தில், அதே இடத்தில் உட்காருங்கள். அவன் கடந்து போகட்டும், கூப்பிடாதீர்கள். வகுப்பில் நாளைக்கு எந்தத் துளையில் காற்று வருகிறது என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.