குழந்தைக்கு வீசிங் இருந்ததை மறைக்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மனைவிக்கு 31, மகளுக்கு 5, மகனுக்கு ஒன்றரை வயது. அலுவலகத்தில் 3 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டு. அது போதாது என்று தனியாக 10 லட்சத்துக்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் (ஒரே தொகையைக் குடும்பம் முழுதும் பகிர்ந்துகொள்ளும் பாலிசி) எடுக்க நினைக்கிறேன். போன மழைக்காலத்தில் மகனுக்கு வீசிங் வந்து இரண்டு முறை நெபுலைசர் வைத்தோம், ஒரு முறை இரண்டு நாள் அட்மிட் செய்தோம். "அதை எழுதினால் பாலிசி கிடைக்காது, விட்டுவிடுங்கள்" என்கிறார் ஏஜென்ட். 62 வயது அம்மாவையும் இதே பாலிசியில் சேர்க்கலாம் என்கிறார். அவர் சொல்வதைக் கேட்கலாமா?

பதில்: கேட்க வேண்டாம். நெபுலைசர் வைத்தது, அட்மிட் ஆன தேதி, ஆஸ்பத்திரி பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். அம்மாவுக்குத் தனிப் பாலிசி எடுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் அந்த ஏஜென்ட் நாளை மறுபடி போன் செய்வார். அவரிடம் பேச உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்த்தவன். அப்போது வந்த ஒரு ஃபைல் இன்னும் நினைவில் இருக்கிறது. நான்கு வயதுப் பெண் குழந்தை, நிமோனியா, ஐந்து நாள் சிகிச்சை. பாலிசி எடுத்து 14 மாதம் ஆகியிருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் டியூட்டி டாக்டர் ஒரு வரி எழுதியிருந்தார்: இரண்டு வயதிலிருந்து அடிக்கடி வீசிங், இன்ஹேலர் பயன்படுத்துகிறார். அதைச் சொன்னது குழந்தையின் அம்மா. நடுராத்திரியில் மூச்சு வாங்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் டாக்டரிடம் மறைப்பாள்? பாலிசி கேட்டு நிரப்பும் புரபோசல் ஃபார்மில், மூச்சுத் தொந்தரவு உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று இருந்தது. க்ளெய்மும் போயிற்று, பாலிசியும் ரத்தாயிற்று. 'இல்லை' என்று டிக் அடித்தது ஏஜென்ட். கையெழுத்து அப்பாவுடையது.

இப்போது கையெழுத்துகூட வேண்டாம். ஏஜென்ட் தன் போனிலேயே ஃபார்மை நிரப்புவார். பெயர், பிறந்த தேதி, ஆதார் எண் கேட்பார். உடல்நிலைக் கேள்விகள் வரும் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று தட்டிவிட்டு, "ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்" என்பார். அந்த ஆறு எண்தான் உங்கள் கையெழுத்து. எதற்குக் கொடுக்கிறோம் என்று படிக்காமல் கொடுக்காதீர்கள். உடல்நிலைப் பக்கத்தை நீங்களே நிரப்புங்கள். கூச்சப்பட வேண்டாம், போனை வாங்கி உட்காருங்கள்.

ஏஜென்ட் இன்னொன்றும் சொல்வார்: "ஐந்து வருஷம் கட்டிவிட்டால் அப்புறம் யாரும் கேள்வி கேட்க முடியாது." பாதி உண்மை. விடாமல் 60 மாதம் கட்டிய பாலிசியில், எழுதவில்லை என்ற காரணத்தைக் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாதுதான். மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. அதைவிட முக்கியம், உங்கள் மகனுக்கு இப்போது ஒன்றரை வயது. அவனுக்கு ஆஸ்பத்திரி தேவைப்படப்போவது இந்த ஐந்து வருஷத்தில்தான்.

எழுதினால் என்ன ஆகும்? பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்தில் கண்டறிந்த அல்லது சிகிச்சை எடுத்த நோயை 'முன்பே இருந்த நோய்' என்பார்கள். அதற்குக் காத்திருப்புக் காலம் வைக்கலாம். முன்பு 48 மாதம் வரை இருந்தது, 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதம். அந்தக் காலத்தில் வீசிங் சம்பந்தப்பட்ட செலவு கிடைக்காது. டெங்கு வந்தாலோ, விழுந்து கையை முறித்துக்கொண்டாலோ இது குறுக்கே வராது. சில நிறுவனங்கள் பிரீமியத்தைக் கொஞ்சம் கூட்டும். ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்றைப் பாருங்கள். இடைப்பட்ட காலத்துக்குத்தான் உங்கள் அலுவலகக் காப்பீடு இருக்கிறது. பெரும்பாலான குழுக் காப்பீட்டில் முன்பே இருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும். மனிதவளப் பிரிவில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அம்மா விஷயம். ஃப்ளோட்டரில் பிரீமியம், வீட்டிலேயே மூத்தவரின் வயதை வைத்துப் போடப்படுகிறது. 62 வயதுக்காரர் உள்ளே வந்தால் ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் சேர்த்து அந்தக் கணக்கு ஓடும். அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன் என்றால் 10 லட்சத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். பிரீமியம் கூடினால் கமிஷனும் கூடும், ஏஜென்ட்டின் அக்கறை அங்கேதான். பழைய வருமான வரி முறையில் இருந்தால், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்காக உங்கள் குடும்பத்துக்கு 25,000 ரூபாய், மூத்த குடிமகனான பெற்றோருக்குத் தனியாக 50,000 வரை கழிவு உண்டு.

இனி நீங்கள் கேட்காத ஒன்று: ரூம் வாடகை. இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. 5 லட்சம் பாலிசி, ஒரு நாள் வாடகை உச்சவரம்பு ஒரு சதவீதம், அதாவது 5,000 என்று வையுங்கள். ஆஸ்பத்திரியில் 8,000 ரூபாய் ரூம்தான் காலி என்கிறார்கள். நான்கு நாள் இருக்கிறீர்கள். கூடுதல் வாடகை 12,000 கையிலிருந்து போகும், அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். இல்லை. 8,000-க்கு 5,000 என்ற அதே விகிதத்தில் டாக்டர் கட்டணம், நர்சிங், ஆபரேஷன் தியேட்டர் எல்லாவற்றையும் எட்டில் ஐந்து பங்காக வெட்டுவார்கள். பில் இப்படி: வாடகை 32,000, டாக்டர், நர்சிங், தியேட்டர் 60,000, மருந்தும் பரிசோதனையும் 38,000. மொத்தம் 1,30,000. வாடகைக்கு 20,000 வரும், 60,000-க்கு 37,500 வரும்.

மருந்துக்கும் பரிசோதனைக்கும்? இதில் ஒரு விலக்கு இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. மருந்து, உடலில் பொருத்தும் கருவிகள், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவற்றை இப்படி வெட்டக் கூடாது. ஐசியூ கட்டணத்தையும் வெட்டக் கூடாது. எந்த ரூமில் இருந்தாலும் ஒரே கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரியில் இந்த வெட்டே கூடாது. இது காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ அமைப்பின் விதி. ஆக 38,000 முழுதாக வர வேண்டும், மொத்தம் 95,500. ஆனால் மொத்தப் பில்லையும் வெட்டி 81,250 என்று அனுப்பிய கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். 14,250 ரூபாய் வித்தியாசம். டிஸ்சார்ஜ் அவசரத்தில் வீட்டுக்காரர் கார்டைத் தேய்த்துவிட்டுப் போய்விடுவார். நீங்கள் அப்படிப் போகாதீர்கள். வெட்டிய தொகைக்குத் தலைப்பு வாரியாகக் கணக்கு கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். அதைவிட நல்லது, வாடகை உச்சவரம்பே இல்லாத பாலிசி எடுப்பது. பிரீமியம் சற்றுக் கூடும், கூடட்டும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. டான்சில், அடினாய்டு, குடலிறக்க ஆபரேஷன்களுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் 24 மாதம் காத்திருக்க வேண்டும். பாலிசி எடுத்த முதல் 30 நாளில் விபத்துக்கு மட்டும்தான் பணம். தடுப்பூசி பெரும்பாலும் வராது. டயப்பர், குழந்தை உணவு போன்றவை கொடுபடாத பொருள்களின் பட்டியலில் இருக்கின்றன.

காய்ச்சலுக்கு அட்மிட் செய்யும்போது கூடுதல் கவனம் வேண்டும். "கண்காணிப்புக்காகவும் பரிசோதனைக்காகவும் மட்டும் சேர்த்தீர்கள்" என்று க்ளெய்மை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு விதி இருக்கிறது. குழந்தை இரண்டு நாள் எதுவும் சாப்பிடாமல் டிரிப்ஸில் இருந்திருக்கும், நரம்பில் மருந்து போயிருக்கும். சம்மரியில் 'காய்ச்சல், கண்காணிப்பு' என்று மட்டும் இருக்கும். வீட்டுக்குக் கிளம்பும் முன் சம்மரியைப் படியுங்கள். செய்த சிகிச்சை முழுதும் இருக்கிறதா, 'இரண்டு மாதமாக' என்று சொன்னதை 'இரண்டு வருடமாக' என்று எழுதிவிட்டார்களா என்று பாருங்கள். திருத்தச் சொல்ல அதுதான் நேரம். பிறகு திருத்தினால் ஜோடித்தது என்பார்கள்.

கேஷ்லெஸ் (நாம் பணம் கட்டாமல் நிறுவனமே ஆஸ்பத்திரிக்குக் கட்டுவது) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 மே மாதமே உத்தரவு வந்துவிட்டது. தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் போட்டால் அது காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு. ஆனாலும் காலையில் டாக்டர் போகலாம் என்ற பிறகு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை கவுன்டர் முன்னால் நிற்கிறார்கள் பெற்றோர். ஆஸ்பத்திரி, நிறுவனத்துக்காக க்ளெய்மைக் கையாளும் இடைநிலை அமைப்பான டிபிஏ-வைக் கை காட்டுகிறது, டிபிஏ நிறுவனத்தைக் கை காட்டுகிறது. விதியைச் சுவரில் ஒட்டி வைத்தாலாவது கேட்க முடியும்.

முதல் பிரீமியத்தில் கமிஷனிலிருந்து கொஞ்சம் திருப்பித் தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் ஒதுங்குங்கள். 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவு அதைத் தடை செய்கிறது. உங்களுக்குத் தந்த பிரீமியக் கணக்குச் சீட்டில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருந்தாலும் கேள்வி கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு அந்த வரி இல்லை.

க்ளெய்ம் தகராறில் நிறுவனம் ஒரு மாதத்துக்குள் சரியான பதில் தராவிட்டால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். "நான் முடித்துத் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள்" என்று வருபவரும் வேண்டாம்.

பாலிசி கைக்கு வந்ததும் 30 நாள் அவகாசம் உண்டு, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பாலிசியின் முக்கிய விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லும் வாடிக்கையாளர் தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள், தர வேண்டும் என்பது விதி. அதோடு, நீங்கள் நிரப்பிய புரபோசல் ஃபார்மின் நகலையும் வாங்குங்கள். மகனின் பெயருக்கு நேராக, மூச்சுத் தொந்தரவு பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்றுதான் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். 'இல்லை' என்று மாறியிருந்தால் மறுநாளே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏஜென்ட்டிடம் வாயால் சொல்லி விட்டுவிட வேண்டாம்.